எண்ணெய்க் கையோடு ஒரு டைட் எண்ட்

1

இந்தக் கதையில் பாதிதான் எனக்குச் சொந்தம். மீதியைக் குற்றாலம் ஐந்தருவியில் ஒட்டுக்கேட்டேன்.

போன ஆடியில், சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு காலை. மசாஜ் பலகையிலிருந்து எழுந்து வந்த ஓர் ஆள், உச்சந்தலை முதல் பாதம் வரை எண்ணெய் மின்ன, செல்போனில் ஆங்கிலத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தான். மலை மாதிரி உடம்பு. [எதிரே நிஜமான மலை நிற்கும்போது இந்த உவமை எடுபடாது. பிறகு மாற்ற வேண்டும்.] முழங்கால் குணமாகிவிட்டது என்கிறான் என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது. பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள்:

"கெஞ்சாதலே. ஓடிக் காட்டுதேன்னு சொல்லு."

இருவரும் பைக்கில் ஏறிப் போய்விட்டார்கள். நான் பார்த்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைவேலை.

2

தென்காசிச் சீமை பெற்றெடுத்த ஒரு வீரமகன், கடல் கடந்து—

வேண்டாம். மைக் முன்னால் நிற்பதுபோல் இருக்கிறது.

பந்து ஒருவனைத் தேடி வரும்போது—

இதுவும் வேண்டாம். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

செந்தில்வேல், வயது இருபத்தெட்டு. பிறந்தது வாசுதேவநல்லூர். ஏழு வயதில் பெற்றோருடன் ஹூஸ்டன் போனான். தொழில், அமெரிக்கக் கால்பந்தில் டைட் எண்ட்.

அந்த ஆட்டத்துக்குப் பெயரில்தான் கால். பந்து பெரும்பாலும் கையில்தான் போகும். பக்கத்துக்குப் பதினொரு பேர். நடுவில் ஐந்து தடியர்கள் சுவர்போல் குனிந்து நிற்பார்கள். எதிரிகளைத் தள்ளி, பந்து எறிபவனைக் காப்பாற்றுவது அவர்கள் வேலை. வழக்கமாக, அவன் எறியும் பந்தைப் பிடிக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. அந்தச் சுவரின் ஓரத்தில் ஒட்டினாற்போல் நிற்பவன்தான் டைட் எண்ட். அவன் தள்ளலாம், ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கவும் செய்யலாம். எதைச் செய்யப்போகிறான் என்று எதிரிக்குத் தெரியக் கூடாது. மோதுகிற மாதிரி மோதி, சட்டென்று நழுவி, வெட்டித் திரும்பி, ஆளில்லாத இடத்தில் கையை நீட்ட வேண்டும்.* இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று நான் காபியை ஆறவிட்டுவிட்டேன்.

* வெட்டித் திரும்புவது எப்படி? வலப்பக்கம் போக இடது காலை ஊன்ற வேண்டும். உடம்பின் முழுப் பாரத்தையும் ஒரு கணம் அந்த ஒற்றை முழங்காலில் ஏற்றி உந்த வேண்டும். பஸ் திரும்புவதுபோல் வளைந்து போனால் எதிரியும் கூடவே வந்துவிடுவான்.

செந்தில்வேல் நான்கு வருடம் ஆடினான். பிறகு அந்த இடது முழங்காலில் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. அணி அவனை விடுவித்தது. குணமாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லியாயிற்று. ஆனால் ஊன்ற வேண்டிய கணத்தில், அவனை அறியாமலே பாரம் மறுகாலுக்குப் போய்விடும். சோதித்துப் பார்த்த அணிகள் எல்லாம் அதைக் கவனித்துவிட்டு, நன்றி சொல்லி அனுப்பின. அப்புறம்தான் அவன் தென்காசியில் அத்தை வீட்டுக்கு வந்தான்.

3

நான் ஒட்டுக்கேட்ட அழைப்பு அவனுடைய ஏஜெண்டிடமிருந்து. ஓர் அணியின் டைட் எண்ட் பயிற்சியில் அடிபட்டுவிட்டான், உடனே மாற்று ஆள் வேண்டும். ஓடிப் பந்து பிடிப்பதைப் படமெடுத்து அனுப்பு. அங்கே விடிவதற்குள், அதாவது இங்கே சாயங்காலத்துக்குள். பயிற்சியாளர் ஒரு படம்தான் பார்ப்பார். இதுவும் கைநழுவினால் இனி யாரிடமும் உனக்காகப் பேச முடியாது.

அந்தப் பெண் அனுசியா, அத்தையின் மகள். அவனுக்கு மூத்தவள் என்பதால் மதினி, அவன் வாயில் மைனி. எஸ்.ஐ. வேலை. போலீஸ் கபடி அணியில் கார்னர், ஏறி வருபவனின் கணுக்காலைப் பாய்ந்து பிடிக்கும் இடம். [முதல் பிரதியில் இவளுக்கு டம்ளர் எடுத்து வரும் வேலை மட்டும் கொடுத்திருந்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது.]

விருந்தாளியைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனால் எண்ணெய் தேய்க்காமல் விடுவது மரியாதையில்லை. அனுசியாவின் கணவன் இசக்கிப்பாண்டிதான் அன்று அவனை மசாஜ் பலகையில் படுக்க வைத்தது. பரபரப்பில் அருவியில் ஒரு முழுக்குப் போட்டு, துண்டால் துடைத்துக்கொண்டு, பைக்கில் எப்போதும் கிடக்கும் பந்தோடு, இசக்கிப்பாண்டி இன்னொரு பைக்கில் பின்தொடர, நேரே ஆய்க்குடி பக்கம் ஒரு பள்ளி மைதானத்துக்குப் போனார்கள். அருவி எவ்வளவு அடித்தாலும் எண்ணெய் போகாது என்று குற்றாலத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு ஒருவருக்கும் நினைவில்லை.

அனுசியா எறிந்தாள். இசக்கிப்பாண்டி படமெடுத்தான். செந்தில்வேல் ஓடினான், திரும்பினான், கையை நீட்டினான். பந்து வழுக்கிக்கொண்டு போனது.

"ஏலே, பந்தப் பிடிக்கியா, வெலாங்கு மீனப் பிடிக்கியா?"

"கை வழுக்குது மைனி!"

"இதுக்கா உனக்கு நாலு வருசம் சம்பளம் கொடுத்தான்?"

"நீ ஒழுங்கா எறி, பாப்போம்!"

"என்னச் சிரிக்க வைக்காதிய, படம் ஆடுது" என்றான் இசக்கிப்பாண்டி.

அடுத்ததும் போனது. அதற்கடுத்ததும். காது மடல் சிவக்கச் சிவக்க ஓடினான். ஒன்றுகூட நிற்கவில்லை.

வீட்டுக்குப் போய், சீயக்காய் போட்டு, கை வறவறவென்று ஆகும்வரை தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி வந்தார்கள். இரண்டாவது படத்தில் ஒரு பந்துகூடத் தவறவில்லை. செந்தில்வேலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

4

அத்தை வீட்டில் மூவரும் செல்போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இரண்டாவது படம் முடிந்ததும் அனுசியா சொன்னாள்:

"இது வேண்டாம்லே."

"எல்லாத்தையும் பிடிச்சிருக்கேனே மைனி!"

"கைய யாரு பாத்தா? காலப் பாரு. திரும்புத எடத்துல பாம்பு கெடக்குத மாதிரி பைய வைக்க." முதல் படத்தைப் போட்டாள். "இப்ப இதப் பாரு."

பார்த்தான். எண்ணெயில் மின்னும் ஒருவன், கோபமும் சிரிப்புமாக, இடது காலை மண்ணில் அறைந்து ஊன்றி, வெடுக்கென்று வலப்பக்கம் வெட்டுகிறான். மறுபடியும் அதேபோல். தன் கால்தானா என்று சந்தேகம் வந்து, நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தான். கையைப் பற்றிய கவலையில் காலை மறந்துபோயிருந்தான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவன் அப்படி ஊன்றியதே இல்லை.

"பந்த விடுத படத்தையா அனுப்பச் சொல்லுத?" என்றான் இசக்கிப்பாண்டி. "கோட்டிக்காரி! தம்பி பொழப்பக் கெடுத்துராத."

"மூணாவதா ஒண்ணு எடுப்போம்" என்று செந்தில்வேல் எழுந்தான். வெளியே மழை கொட்டியது.*

* மூன்றாவது படம் எடுத்தால் கதையே முடிந்துவிடும். அதனால்தான் மழையை இறக்கினேன். சீசன் நேரத்தில் இந்தப் பக்கம் எழுதுகிறவனுக்கு இந்த ஒரு வசதி உண்டு.

5

இங்கே நான் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

செந்தில்வேல் இரண்டாவது படத்தை அனுப்பினான். அதைப் பார்த்த பயிற்சி—

இல்லை. அந்த முடிவு எனக்குத் தெரிந்ததுதான். அழகான கை, பயந்த கால். நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அனுசியா அவனுக்குத் தெரியாமல் முதல் படத்தை—

இதுவும் இல்லை. அவனுடைய பிழைப்பை அவள் முடிவு செய்யலாகாது.

அவன் தொழிலில் பந்தைத் தவறவிடுவதுதான் பெரிய வெட்கம். அதைத் தன் கையாலேயே அனுப்புவது என்றால், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆனால் கை வழுக்கினால் கழுவிக்கொள்ளலாம். கால் பயந்தால் கழுவ வழியில்லை. இதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவனாகத்தான் முதல் படத்தைத் தொட்டான். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினான்: உடம்பெல்லாம் எண்ணெய், பந்து ஒன்றும் நிற்கவில்லை. தயவுசெய்து முழங்காலைப் பாருங்கள்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன் மைனி."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"சரி, வா. சாப்பிடுவோம்."

6

முடிவு இனி உங்களுடையது. இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறேன்.

[அவர்கள் அவனை வரச் சொன்னார்கள்.]

[அவர்கள் வேறொருவனை எடுத்துக்கொண்டார்கள்.]

பென்சில் எடுத்து ஒன்றை அடித்துவிடுங்கள். எதை அடித்தாலும் அடுத்துவரும் பத்தியை மாற்ற வேண்டியதில்லை. அதை எழுதும்போது மட்டும் என் பேனா எங்கேயும் நிற்கவில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. அனுசியா தெருவில் பைக்கை உதைத்துவிட்டுக் குரல் கொடுத்தாள். செந்தில்வேல் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தான். கடைசிப் படியில் இடது காலை ஊன்றி வாசலுக்குத் திரும்பினான்.

"பைய வாலே" என்றாள் அவள்.

அவனுக்கு அது காதில் விழவில்லை.