இன்ஜினியரின் அம்மா

என் மகன் பிளம்பர். இந்த வெளிநாட்டில் அதில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டு ஹெட்மிஸ்ட்ரஸின் சிங்குக்கு அடியில் மல்லாந்து கிடந்து அடைப்பெடுப்பான். எழுந்து கை கழுவியதும் அவள் காபி போட்டுக் கொடுத்து, அதே மேஜையில் எதிரே உட்கார்ந்து, அவன் சொல்வதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் வீட்டைவிட இவன் வீடு பெரிசு வேறு. வந்த புதிதில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்கள் ஊரில் பிளம்பரைப் பின்பக்கமாக வரச் சொல்வேன். வேலை முடியும்வரை கண்கொத்திப் பாம்பாகக் கூடவே நிற்பேன். போனதும் தரையைத் துடைப்பேன்.

அவனுக்கு முப்பத்துநாலு வயதாகிறது. ஊரிலிருந்து வந்த வரன்கள் எல்லாம் "பையன் என்ன பண்றார்?" என்ற இடத்தில் தட்டிப்போயின. "குழாய் ரிப்பேர் பண்றவனுக்கா எங்க பொண்ணு?" என்று ஒருத்தி போனிலேயே கேட்டாள், வாய்க்கொழுப்பு. அவள் மகளை இவனுக்குப் பிடித்திருந்தது. அப்புறம் கொஞ்ச நாள் சரியாகவே சாப்பிடவில்லை. அதனால்தான் இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன்.

இன்று காலை வீடியோ காலில், புதிதாகப் பார்த்திருக்கும் பெண்ணின் அம்மா.

"தம்பிக்கு என்ன வேலைங்க?"

"தண்ணி சப்ளையில இன்ஜினியருங்க."

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் பல். பேச்சு எங்கெங்கோ சுற்றி அவர்கள் வீட்டு பாத்ரூமுக்கு வந்தது. "இந்தப் பிளம்பருங்களோட மாரடிக்க முடியலைங்க. ஒருத்தனையும் நம்பறதுக்கில்ல" என்று அலுத்துக்கொண்டாள். கைக்கு வந்தது நழுவிவிடக் கூடாதே என்று நானும் ஒத்து ஊதினேன்.

"அதுங்கள எல்லாம் உள்ளயே விடக்கூடாதுங்க. நான் வாசலோட நிறுத்திடுவேன்."

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். அறைவாசலில் அவன் நின்றான். எதையோ மறந்துவிட்டு எடுக்க வந்திருக்கிறான். முட்டிவரை ஈரம், கையில் ஸ்பேனர். கேட்டுவிட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது. என் கையில் போன் திரும்பியதும், கம்பெனி பெயர் தைத்த சட்டை கேமராவில் விழாதபடி ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டான். என் பொய்யை என் பிள்ளையே காப்பாற்றிக் கொடுத்தான்.

"எங்களுக்கு ரொம்பத் திருப்திங்க. தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?"

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவனைப் பார்த்துக்கொண்டே, "வேலைக்குப் போயிருக்கானே" என்றேன்.

அவன் சத்தமில்லாமல் இறங்கிப் போனான். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

எனக்கு எதுவும் ஓடவில்லை. அவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தேன். சண்டை போடுவான், கத்துவான், கத்தட்டும், வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். மத்தியானம் வந்தான். சமையலறைக் கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. இருந்தும் நிலைப்படிக்கு வெளியே நின்று விரலால் தட்டினான்.

"கால் ஈரமா இருக்கும்மா. உள்ள வரலாமா?"

குத்திக் காட்டக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் நிஜமாகவே கேட்டான், அவன் சம்பாதித்து வாங்கிய வீட்டில். "வாடா" என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவன் என் பதிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.