மணி அடித்தவன்

ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் கூலிங் வரவில்லை என்று பொய் சொல்லித்தான் கிருபாவை வரவழைத்தேன். பள்ளியில் என்னோடு படித்தவன்; இப்போது ஊரப்பாக்கத்தில் ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். பதினாலு வருடம் பேசாத ஒருவனை வேறெப்படிக் கூப்பிடுவது? “நான் ஒரு கேம் செய்திருக்கிறேன், அதில் நீ இருக்கிறாய், வந்து பார்” என்று நேராகச் சொல்லும் தைரியம் எனக்கு என்றைக்கு இருந்தது?

பொத்தேரியில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைதான் எங்கள் கம்பெனி. மூன்று வருட உழைப்பில் உருவான கேமுக்குப் பெயர் ‘கட் அடி’. தாம்பரத்துப் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன் படிக்கும் பையனாக நீங்கள் இஷ்டத்துக்குத் திரியலாம். காம்பவுண்ட் ஏறிக் குதிக்கலாம், ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொள்ளலாம், டிக்கெட் இல்லாமல் ரயிலில் கடற்கரை வரை போய் வரலாம். சேட்டைக்குச் சேட்டை ‘கெத்து’ பாயிண்ட் ஏறும். அடுத்த வாரம் ரிலீஸ். அதற்குள் கிருபா ஒரு தடவை விளையாடிப் பார்த்து, சரி என்று சொல்லிவிட வேண்டும். அவன் சொல்லாமல் வெளியிட எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால், பிளஸ் ஒன்னில் ஒரு நாள் நாலாவது பீரியடிலேயே சாப்பாட்டு மணியை அடித்தவன் நான். மொத்தப் பள்ளியும் டிபன் பாக்ஸோடு வெளியே வந்துவிட்டது. மணிக்குப் பக்கத்து வகுப்பு எங்களுடையது என்பதால் சந்தேகம் எங்கள் மேல். அடித்தவன் ஒத்துக்கொள்ளும்வரை வகுப்பு முழுவதும் மைதானத்தில் முட்டி போட வேண்டும். இது எங்கள் பள்ளி வழக்கம். காட்டிக்கொடுப்பவனை அப்புறம் எவனும் சேர்த்துக்கொள்ள மாட்டான். அது எங்கள் வழக்கம். முக்கால் மணி நேரம் கழித்துக் கிருபா எழுந்தான். “நான்தான் சார்” என்றான். மறுநாளே டிசி. அதில் நடத்தை ‘நன்று’ என்று எழுதவில்லை. அதைப் பார்த்த எந்தப் பள்ளியும் அவனைச் சேர்க்கவில்லை.

கிருபா ஏசியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினான்.

“தினகரா, மெஷின் நல்லாத்தான் கீது. இன்னா மேட்டரு?”

பாதி விஷயத்தைச் சொல்லி உட்கார வைத்தேன். மடமடவென்று விளையாடினான். காம்பவுண்ட் ஏறினான், பி.டி. சாரின் விசிலைத் திருடினான், வாய்விட்டுச் சிரித்தான். அப்புறம் மைதானம் வந்தது. வெயிலில் எல்லோரும் முட்டி போட்டிருந்தார்கள். யார் அடித்தது என்று ஹெட்மாஸ்டர் கத்தினார். திரையில் ஒரே ஒரு பட்டன்: ‘எழுந்திரு’. அழுத்தினால் ஆயிரம் கெத்து, வகுப்பே கைதட்டும், பறை முழங்கும். மன்னிப்புக் கேட்கத் துப்பில்லாதவன் செய்த மரியாதை.

கிருபா அழுத்தவில்லை.

“அடிச்சவன் எழுந்திருக்கறதுக்கு பட்டன் எங்கடா?”

“அது... வைக்கல.”

“கெத்துக்காகவா எழுந்தேன்னு நெனச்சே? ஒரு பையன் மயங்கி வுழுந்துட்டான், அதான். அதுவரைக்கும் உன்னையேதான் பாத்துகினு இருந்தேன். நீ தரையைப் பாத்துகினு இருந்தே.”

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

“நான்தான்டா அடிச்சேன்” என்றேன். பதினாலு வருடம் தொண்டையில் நின்றது இவ்வளவு சின்ன வாக்கியமா!

“எனக்கு எதுக்கு சொல்றே? எங்கம்மா அப்பவே நாலு வூட்ல பாத்திரம் தேய்ச்சு படிக்க வச்சுது. ‘உன் திமிராலதான் படிப்பு போச்சு’ன்னு இன்னி வரைக்கும் என்னைத்தான் திட்டுது. நான் சொன்னா நம்பாது.” பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். “வூட்லதான் கீது. வா, வந்து சொல்லு.”

அவன் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பயம்தான், வேறென்ன.