பெஞ்சில் விளைந்த ஐஸ்

கிவிலம்பி ஐஸ் ஹாக்கி கிளப்பின் தளத்தைப் பல வருடங்கள் உறைய வைத்தது இயந்திரமல்ல, இரண்டாம் கோல்கீப்பர் ஓஸ்மோ கேர்னாவின் பொறாமை. இயந்திரம் இருந்ததென்னவோ உண்மை. சம்பளத்துக்கு ஆள் வைத்து ஆடும் லீக்கில் கிளப் சேர்ந்த வருடம், தலைவர் கவுக்கோ ரைஸ்கி அதைத் துறைமுகத்து இறைச்சிக் கிடங்கு ஒன்றிலிருந்து வாங்கி வந்தார். இரும்புக்கடைக்காரர், எந்த இரும்பையும் தட்டிக்கொட்டி ஓட்டிவிடலாம் என்று நம்புகிறவர். செப்டம்பர் முதல் வாரத்தில் அது ஒரு முறை உறுமி, தேவாலயம் வரைக்கும் கண்ணெரியும் வாடையைப் பரப்பிவிட்டு நின்றுபோயிற்று. ஏரி உறைய நவம்பர் கடைசியாகும். அதற்குள் உள்ளூரில் ஆட வேண்டிய ஆட்டங்களை ஆடாவிட்டால் லீக் எங்களைக் கழற்றிவிடும். காகித ஆலையையும் கிளப்பையும் விட்டால் கிவிலம்பியில் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பஸ்கூட எங்கள் ஊருக்குத் திரும்பிப் போவதற்காகத்தான் வரும்.

ஓஸ்மோ ஆலைக் குடியிருப்பில் பிறந்து, ஏரியில் கோல் நின்று பழகியவன். கிளப் லீக்கில் சேர்ந்ததும் கோலில் அவன்தான் என்று ஊரே பேசிக்கொண்டிருக்க, கவுக்கோ கடற்கரை நகரத்திலிருந்து தைஸ்தோ விர்க்கலாவைக் கூட்டி வந்தார். தைஸ்தோவுக்கு உயரம் இருந்தது, நெற்றியில் விழும் முடி இருந்தது, கோல் விட்டால்கூடச் சிரிக்கும் பழக்கம் இருந்தது. ரொட்டிக் கடையில் அவன் வாங்கும் இலவங்கப்பட்டை ரொட்டியில் மட்டும் சர்க்கரை கூடுதலாகத் தூவியிருக்கும். ஓஸ்மோ இதையெல்லாம் கவனித்தான். கவனிக்காமலிருக்க முயன்று, இன்னும் நன்றாகக் கவனித்தான். தைஸ்தோவின் கையுறையில் ரப்பர் வட்டு வந்து விழும் சத்தம், தன் கையுறையில் விழும் சத்தத்தைவிட ஏன் இனிமையாக இருக்கிறது என்று யோசித்துத் தூக்கத்தைத் தொலைத்தான். பொறாமைக்காரனுக்கு வயிறு எரியும் என்பார்கள். ஓஸ்மோவுக்கு எரியவில்லை. குளிர்ந்தது என்று எழுதினால் திருப்திப்பட்டான் என்றாகிவிடும். உறைந்தது என்றே எழுத வேண்டியிருக்கிறது.

அது முதலில் வெளிப்பட்டது சவ்னா என்னும் நீராவிக் குளியலறையில். இயந்திரம் நின்ற வாரம், அணி முழுவதும் நீராவியில் வியர்த்துக்கொண்டிருந்தபோது யாரோ தைஸ்தோவின் முழங்கால் வளைவதைப் பற்றிப் புகழ்ந்தார்கள். உடனே கொதிக்கும் கற்களின் மேல் மெல்லிசாகப் பனி பெய்யத் தொடங்கியது. “யாருடா கதவைத் தொறந்து போட்டது?” என்று கத்தினார்கள். கதவு மூடித்தான் இருந்தது. ஓஸ்மோ உட்கார்ந்திருந்த பலகை மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது.

இந்தக் கதையைக் கேட்டு எல்லோரும் சிரித்தபோது அவுனே பெசோனன் மட்டும் சிரிக்கவில்லை. தளத்தைச் சீவி வெந்நீர் தெளிக்கும் வண்டியை ஓட்டுகிறவள் அவள். ஐஸ் விஷயத்தில் எதையும் சுலபமாகத் தள்ளிவிட மாட்டாள். மறுநாளே அரங்கத்துச் சிமெண்டுத் தரையில் குழாயைத் திறந்துவிட்டாள். ஓஸ்மோவை பெஞ்சில் உட்காரச் சொல்லி, தைஸ்தோவைக் கோலில் நிறுத்தி வட்டுகளை அடிக்கவைத்தாள். அவன் ஒவ்வொரு வட்டைத் தடுக்கும்போதும் வேண்டுமென்றே கைதட்டினாள். பெஞ்சின் காலடியில் கிளம்பிய ஐஸ், காபி நேரத்துக்குள் எதிர்ப்பக்க வேலியைத் தொட்டுவிட்டது.

கவுக்கோ ஓடிவந்து ஓஸ்மோவின் தோளைப் பிடித்துக்கொண்டார். “நீ ஒண்ணும் பண்ண வேணாம்ப்பா. உக்காந்தா போதும்.”

“உக்காரத்தான் என்னை எடுத்தீங்களா?”

“ஆடறதுக்கு ஆயிரம் பேர் வருவாங்க. இப்படி உக்கார உன்னை விட்டா யாரு இருக்கா?”

அப்படியே வருடங்கள் ஓடின. ஆலை கைமாறியது. பாலம் கட்டினார்கள். தைஸ்தோவின் படம் பால் அட்டைப்பெட்டியில் வந்தது. அந்த வாரம் தளம் கடப்பாரைக்கும் அசையவில்லை. ஓஸ்மோவின் பொறாமையை ஊர் பயிரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டது. அவன் காதுபட யாரும் அவனைப் பாராட்டுவதில்லை. முடிவெட்டுகிறவர் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு தைஸ்தோவின் முடியைப் பற்றியே பேசுவார். போதகர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் எப்படியாவது தைஸ்தோவை நுழைத்துவிடுவார். அதையும் மீறித் தளம் இளகினால் கவுக்கோ அவுனேவிடம் போய் நிற்பார். “தைஸ்தோ கூட டான்ஸுக்குப் போயிட்டு வந்துடேம்மா. ஊருக்காகத்தானே.” அவுனே போவாள். ஓஸ்மோ டான்ஸ் ஹாலுக்கு வெளியே ஜன்னலோரம் நின்று பார்ப்பான். மறுநாள் தளம் கண்ணாடி போலிருக்கும். ஒரு கிறிஸ்துமஸுக்கு ஓஸ்மோ பெயர் சொல்லாமல் அவளுடைய வண்டி இருக்கையில் கம்பளிக் கையுறைகளை வைத்துவிட்டுப் போனான். யார் வைத்தது என்று அவளுக்குத் தெரியும். டான்ஸுக்கு அவற்றைப் போட்டுக்கொண்டுதான் போனாள். ஓஸ்மோவின் கண்ணில் பட்டது தைஸ்தோவின் கை அவள் இடுப்பில் இருந்தது மட்டுமே.

பிறகு அந்த மார்ச் மாதம் வந்தது. கடைசி ஆட்டத்தில் தோற்றால் கிளப் லீக்கை விட்டு இறங்கி, ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக ஆட வேண்டியதுதான். வெயிலும் சீக்கிரமே வந்துவிட்டது. கவுக்கோ இந்த முறை டான்ஸோடு நிற்கவில்லை. தைஸ்தோவுக்கும் தனக்கும் நிச்சயமாகிவிட்டது என்று ஓஸ்மோவிடம் போய்ச் சொல்லும்படி அவுனேவைக் கேட்டார். அவள் ஓஸ்மோ வீட்டுக்குப் போய், கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள்.

“என்னைச் சொல்லச் சொன்னது ஒண்ணு, நான் சொல்லப் போறது வேற. நீ அவனைவிட நல்லா ஆடறவன், ஓஸ்மோ. முதல் வருஷத்துலேருந்து கவுக்கோவுக்குத் தெரியும். ஐஸுக்காகத்தான் உன்னை உக்கார வெச்சிருக்காங்க.”

“எல்லாருக்கும் தெரியுமா?”

“ரொட்டிக் கடைக்காரி வரைக்கும்.”

“உனக்கும்?”

“எனக்கும்தான். டான்ஸ் எல்லாம் அதுக்குத்தான். அவன் எப்படி ஆடுவான்னு நெனச்சே? பாட்டு முடியற வரைக்கும் என் காலை மிதிச்சுக்கிட்டே இருப்பான்.”

ஓஸ்மோ கோபப்படுவான் என்று அவள் நினைத்தாள். முகம் சிவக்கவும் செய்தது. ஆனால் கடைசியில், “மிதிப்பானா?” என்று மட்டும் கேட்டான். “கண்ணு தெரியாதவன் மாதிரி” என்றாள் அவள். ஓஸ்மோ சிரித்தான். வீட்டுக் கூரையோரம் தொங்கிய பனிக்கூர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கழன்று விழுந்தன.

ஆட்டத்தன்று முதல் பகுதி முடிவதற்குள் தளத்தில் தண்ணீர் நின்றது. வட்டு வழுக்காமல் மிதந்தது. எதிரணிக்காரர்கள் முழங்கால் வரை நனைந்து திட்டினார்கள். அடுத்த பகுதி தொடங்கும்போதும் இப்படியே இருந்தால் ஆட்டம் அவர்களுக்கே என்று நடுவர் சொல்லிவிட்டார். கவுக்கோ பெஞ்சுக்கு ஓடினார்.

“தைஸ்தோவைப் பாருப்பா. எவ்ளோ அழகா நிக்கிறான்!”

“பாத்தேன். வலது பக்கம் ஓட்டை விடறான்.”

“கொஞ்சமாவது வயித்தெரிச்சல் படக் கூடாதா? உன் கால்ல விழறேன்!”

“நானும் முயற்சி பண்ணேன். வரமாட்டேங்குது. இனிமே நான் இங்க உக்காந்து என்ன ஆகப்போகுது? கோல்ல விடுங்க.”

வேறு வழியில்லாமல் விட்டார்கள். வாழ்க்கையில் ஒரு நாளும் பெஞ்சில் உட்கார்ந்திராத தைஸ்தோ வந்து உட்கார்ந்தான். அவனைப் பற்றி நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. அவன் ஒவ்வொரு முறை வட்டைத் தடுத்தபோதும் கூட்டம் முதலில் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. அத்தனை வருடமும் அதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் அவனை நிறுத்துகிறவர்கள் எல்லாரும் கேட்டது, “ஓஸ்மோ இன்னிக்கு எப்படி இருக்கான்?” என்பதைத்தான். டான்ஸில் அவன் அவுனேவின் காலை மிதித்தது கூட, அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததால்தான். இப்போது ஓஸ்மோ தண்ணீரை விலக்கிக்கொண்டு கோலுக்கு நடக்க, கூட்டம் எழுந்து நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவுனே தன் வண்டியின் ஹாரனை அழுத்தி, கையை எடுக்கவே இல்லை. தைஸ்தோ சிரிக்கவில்லை. துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. பெஞ்சிலிருந்து கோல்கம்பம் வரை தளம் ஒரே மூச்சில் இறுகியது. எதிரணிக்காரன் ஒருவனின் ஸ்கேட் ஐஸோடு ஒட்டிக்கொண்டு, சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஓஸ்மோ எதையும் உள்ளே விடவில்லை. கிவிலம்பி ஒரு கோலில் ஜெயித்து லீக்கில் தங்கியது.

அதன் பிறகு இருவரும் மாறி மாறி ஆடினார்கள். தைஸ்தோவின் ஐஸ் கொஞ்சம் வெளுப்பு, சொரசொரப்பு, ஓஸ்மோவினுடையது நீலம். ஓஸ்மோவுக்குப் பொறாமை திரும்பி வந்துவிட்டது. தைஸ்தோவின் ஐஸ்தான் கெட்டி என்று ஒரு வெளியூர்க்காரன் சொன்ன நாளில் வந்தது. இறைச்சிக் கிடங்கு இயந்திரத்தைக் கவுக்கோ பழைய இரும்புக்குப் போட்டார். அந்தக் கோடையில் ஓஸ்மோவும் அவுனேவும் கல்யாணம் செய்துகொண்டார்கள். தைஸ்தோ வாழ்த்திப் பேச எழுந்தபோது கோப்பைகளில் காபி உறைந்தது. விருந்தாளிகள் அதைக் கரண்டியால் உடைத்துச் சாப்பிட்டார்கள், நன்றாகத்தான் இருந்தது. கிளப் இப்போது கோல்கீப்பர்களை ஜோடியாகத்தான் எடுக்கிறது. ஒருவரையொருவர் பிடிக்குமா என்று முதலில் விசாரிக்கிறார்கள்; பிடிக்கும் என்றால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

ஓய்வுபெற்றதும் தைஸ்தோ, ஏரிக்கரையில் ஓஸ்மோ வீட்டுக்குப் பக்கத்து மனையை வாங்கிக் குடிவந்தான். ஏன் என்று கேட்டால், “இங்கதான் காத்து நல்லா வருது” என்பான். ஓஸ்மோவுக்கு அவனுடைய ஆப்பிள் மரத்தின் மேல் கண்; அவனுக்கு ஓஸ்மோ வீட்டு ஜன்னலில் தெரியும் விளக்கின் மேல் கண். இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள வேலியில் ஜூன் மாதத்திலும் விரற்கடைப் பனி படிந்திருக்கிறது. ஏரிக்குப் போகிறவர்கள் வெண்ணெயையும் பிடித்த மீனையும் அங்கே வைத்துவிட்டு நீந்தப் போகிறார்கள். திரும்பும்போது, இரண்டு பக்கமும் தலையசைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகிறார்கள்.