மண்டபத்து வழி

"எந்த வழியா எடுக்கறது?" என்று கேட்டுவிட்டு, பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்த கத்தியைச் சின்னப்பன் கீழே வைத்தார். காலனிக்கு மூத்தவர். அவர் ஒன்று கேட்டால் நாலு பேர் பதில் சொல்வார்கள். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்று நாள் மழை அப்போதுதான் தூறலாகக் குறைந்திருந்தது.

ஸ்ரீதேவி அப்பாவின் மூக்கில் வைத்த பஞ்சைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கேட்டது தன்னைத்தான் என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் கோபிகிருஷ்ணன் குவைத்தில் இருந்தான். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது, விடமாட்டேன் என்கிறான் என்று காலையில் போனில் அழுதான். சொல்ல வேண்டியவள் இனி அவள்தான்.

அப்பா நாகையா இருபத்திரண்டு வருடம் மண்டபத்துக்குக் காவல்காரராக இருந்தவர். காலனிக்கும் இடுகாட்டுக்கும் நடுவில் இருக்கிறது அந்தப் பதினாறுகால் கல்மண்டபம். எந்த ராஜா கட்டினானோ, கூரையில் பாதி இடிந்துபோய், தூண்களில் மட்டும் யாளிகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு தினமும் வௌவால் எச்சத்தைப் பெருக்குவார். கல் இடுக்கில் முளைக்கிற அரசங்கன்றுகளைப் பிடுங்குவார். பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் சிறை என்று நீலப்பலகையில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கும். அவருக்கு இரண்டும் படிக்கத் தெரியாது. யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார். காரில் வருகிறவர்களுக்கு எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துச் சொல்வார்.

காலனிப் பிணங்கள் காலங்காலமாக மண்டபத்தை ஒட்டித்தான் போயின. ஐந்து வருடத்துக்கு முன்னால் தொல்லியல் ஆபீஸிலிருந்து வந்து அந்த இடத்தைச் சுற்றிலும் கம்பிவேலி போட்டார்கள். இரும்பு கேட் வைத்துப் பூட்டி, சாவியை நாகையா கையில் கொடுத்தார்கள். அதற்கப்புறம் மிச்சமிருந்தது இரண்டு வழி. ஒன்று ஊர்த்தெரு. அந்த வழியாகக் காலனிப் பிணம் இதுவரை போனதில்லை. போகலாமா என்று கேட்டவர்களும் இல்லை. இன்னொன்று ஏரியைச் சுற்றிக்கொண்டு, வாய்க்காலில் இறங்கி ஏறுவது. வெயில் காலத்தில் கணுக்கால் நனையாது. ஏரி நிரம்பி வழிந்தால் மார்பளவு ஓடும்.

இப்போது ஏரி வழிந்துகொண்டிருந்தது.

"சாவி ஊட்லதான கீது?" என்றார் சின்னப்பன் மெதுவாக.

இருந்தது. சுவரில் காக்கிச் சட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அடிபம்பு மேடையில் குந்தியிருந்த அப்பாவு மட்டும் நேராகவே பார்த்தான்.

நாலு வருடத்துக்கு முன்னால், இதே கார்த்திகையில், அப்பாவுவின் அம்மா பாப்பாத்தி செத்தாள். அன்றைக்கும் இப்படித்தான் மழை. அப்பாவு கேட்டின் முன்னால் நாகையாவின் காலைப் பிடித்தான். "மாமா, ஒரு தரம் தொற மாமா. அஞ்சே நிமிசம்." நாகையா திறக்கவில்லை. பதினெட்டு வருடக் கூலிவேலை அந்த மாசம் பர்மனெண்ட் ஆகவேண்டியிருந்தது. திருப்பதியிலிருந்து பெரிய அதிகாரி வருவதாகப் பேச்சு. "என் கையில இல்லடா" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். வாய்க்கால் வழியாகத்தான் எடுத்துப்போனார்கள். நடுவில் ஒருவனுக்குக் கால் வழுக்கி, பாடை சாய்ந்து, பாப்பாத்தி தண்ணீரில் விழுந்தாள். வேலிக்காத்தான் முள்புதரில் சிக்கியிருந்தவளைத் தேடி எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

வேலை பர்மனெண்ட் ஆயிற்று. அண்ணன் குவைத்துக்குப் போனதும் அதனால்தான். ஸ்ரீதேவி நர்ஸ் படிப்பு முடித்துத் திருப்பதியில் ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்ததும் அதனால்தான். அப்பாவு சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். ஊருக்கு வந்தால் நாகையா எதிரே வரும்போது தலையைத் திருப்பிக்கொள்வான். நாகையாவும் அவன் வந்திருக்கிறான் என்று தெரிந்தால் மண்டபத்தைவிட்டு வெளியே வரமாட்டார்.

ஸ்ரீதேவி வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே நாகையா பதினோரு நாள் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தார். ஒன்பதாம் நாள் அவள் கையைப் பிடித்து, "இங்கயே எரிச்சிடும்மா. ஊருக்கு எட்த்துக்கினு போவாத" என்றார்.

"இன்னா நைனா பேசற? நம்மள்ல பொதைக்கறதுதான?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஜுரத்தில் உளறுகிறார் என்று நினைத்தாள். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸில் நாகலாபுரம் தாண்டும்போது மண்டபத்தின் உச்சி தெரிந்தது. அப்போதும் அவளுக்குப் புரியவில்லை. சின்னப்பன் எந்த வழி என்று கேட்டுக் கத்தியைக் கீழே வைத்தபோதுதான் புரிந்தது.

அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய் அப்பாவின் ஆபீஸருக்குப் போன் செய்தாள். தெலுங்கில் விஷயத்தைச் சொன்னாள். "ரூல்ஸ் மீக்கு தெலுசு கதாம்மா" என்றார், ரூல்ஸ் உங்களுக்கே தெரியுமே என்று. அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, நாளைக்குப் புது ஆள் வந்து சாவியை வாங்கிக்கொள்வான், இன்றைக்கு நடப்பது எதுவும் தனக்குத் தெரியாது, நாகையா நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வந்து அதை அப்படியே சொன்னாள்.

சின்னப்பன் முகம் தெளிந்தது. "அப்றம் இன்னா? தெரியாதுன்னுட்டாரே. தொறந்து எட்த்துக்கினு போய்க்கினே இருக்கலாம்."

"நாளைக்கு?" என்றாள்.

"நாளைக்கு இன்னா?"

"நாளைக்குப் பூட்டிடுவாங்க. அடுத்த சாவுக்கு?"

அவர் மூங்கிலைப் பார்த்தார்.

அம்மா செங்கம்மா தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள். நெற்றியில் வழித்த குங்குமம் கன்னம்வரை இறங்கியிருந்தது. "இருவத்திரண்டு வருசம் பெருக்கின எடம்டி அது. ஒரு தரம், ஒரே தரம் அவரு அந்த வழியா போவட்டும். சாவிய எட்த்து குடு."

ஸ்ரீதேவி சாவியை எடுத்தாள். காக்கிச் சட்டையில் இன்னும் அவர் வியர்வை வாசம் இருந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கேட்டைத் திறந்தால் காலனி முழுக்க அந்த வழியாக நடக்கும். ஒவ்வொருத்தரும் ஒன்றையேதான் நினைத்துக்கொண்டு நடப்பார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அப்பாவுவும் சொல்லமாட்டான்.

"வாணாம்மா" என்றாள். "பாப்பாத்தி அத்தை போன வழியாவே போலாம்."

"அடிப்பாவி! பெத்த அப்பன தண்ணியில உடப் பாக்கிறியா? பாடைய எவன்டி புடிப்பான் அந்த வெள்ளத்துல?" செங்கம்மா மகளின் தோளில் இரண்டு கையாலும் அடித்தாள். ஸ்ரீதேவி விலகவில்லை. அடிபட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுக் கமலம்மா வந்து செங்கம்மாவைப் பிடித்து இழுத்துப்போனாள்.

இளவட்டங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளத்தில் இறங்க அவர்களுக்குப் பயம். அதைச் சொல்லவும் வெட்கம்.

அப்பாவு மேடையிலிருந்து இறங்கினான். சட்டையைக் கழற்றிப் பம்பின்மேல் போட்டான். பிளந்த மூங்கில்களைத் தூக்கிப் பார்த்து, ஒன்றைத் தள்ளிவைத்தான்.

"இது தாங்காது. வேற வெட்டு" என்றான் சின்னப்பனிடம். "ரெண்டு கவுறு சேத்துக் கட்டு. நெஞ்சுலயும் கால்லயும். முன்னால நான் புடிக்கறேன்."

மூன்று மணிக்கு எடுத்தார்கள். தப்பு அடிக்கிறவர்கள் வேலி ஓரமாக, மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு ஏரிக்கரை ஏறினார்கள். பெண்கள் தெருக்கோடியில் நின்றுவிட வேண்டும். ஸ்ரீதேவி நிற்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. வாய்க்கால்கரை வரை வந்து, முழங்கால் தண்ணீரில் நின்றாள். செம்மண் தண்ணீர் இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தது.

அப்பாவு ஒரு கையால் பாடைக்கம்பைப் பிடித்துக்கொண்டு, காலால் தரையைத் தடவித் தடவி முன்னால் போனான். இடுப்பு நனைந்தது. மார்பு நனைந்தது. நடுவில் நின்றான். பின்னால் வந்த மூவரும் நின்றார்கள்.

"இங்கதான்" என்றான்.

எது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் அவன் தோளில் மோதிப் பிரிந்துகொண்டிருந்தது. அவன் அங்கேயே நின்றான். விட்டுவிடுவானோ என்று ஸ்ரீதேவி ஒரு கணம் நினைத்தாள். விட்டாலும் கேட்க முடியாது என்று அடுத்த கணம் நினைத்தாள்.

"இங்க பள்ளம் கீது. எடக்கால அகட்டி வைங்க" என்று திரும்பாமலே கத்தினான். "தலைக்கு மேல தூக்கு. தூக்குடா."

நான்கு பேரும் கைகளை உயர்த்தினார்கள். பாடை தண்ணீரைவிட்டு மேலே ஏறியது. ஆடியது. சாமந்திப்பூ கொட்டியது. ஒவ்வொரு அடியாக, ஒவ்வொரு அடியாக, அக்கரை ஏறினார்கள்.

அங்கே பாடையை இறக்கிவைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்று லுங்கியைப் பிழிந்தார்கள். சின்னப்பன் ஒரு கல்லில் உட்கார்ந்து இருமினார். தப்புச் சத்தம் நின்றிருந்தது.

கலைந்த துணிக்கு வெளியே நாகையாவின் இரண்டு பாதங்களும் தெரிந்தன. அப்பாவு இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்தான். குந்தி உட்கார்ந்து அந்தப் பாதங்களைத் துடைத்தான். சேறு ஏதும் இல்லை, ஒட்டியிருந்ததுபோலவே துடைத்தான். முதலில் குதிகால், பிறகு ஒவ்வொரு விரலாக.