இன்னைக்கு இவ்வளவுதான்

போர்வைக்குள் அவருடைய கால்கள் நடந்துகொண்டிருந்தன. இடது கால் கொஞ்சம் மேலே போய் நிற்கும். பிறகு வலது கால் அதைத் தேடிக்கொண்டு போகும். டீச்சர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அது உடனே மறுபடி விலகியது.

"எங்கேங்க போறீங்க?"

கண்கள் மூடியிருந்தன. ஏற்றத்தில் போகிறவர்களுடைய மூச்சு வாய் வழியே வந்துகொண்டிருந்தது. அந்த மூச்சை அவள் எத்தனையோ மலைப்பாதைகளில் தன் முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்கில் விளையாட்டு சொல்லிக்கொடுத்ததால் எல்லோருக்கும் அவள் டீச்சர். கட்டிக்கொண்டவருக்கும் டீச்சர்தான். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். உட்கார்ந்தே செய்யும் வேலை, அதற்கேற்ற தொப்பை. கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை மலைக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவரை விடவேயில்லை. நடைக் குழுவில் அவருக்கு வைத்த பெயர் கூட்ஸ் வண்டி. எல்லோரும் போன பிறகுதான் வருவார், ஆனால் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார்.

இரண்டு பேருக்கும் ஒரே ஒரு சண்டைதான், அது தீரவும் இல்லை. நெடுந்தூரம் நடக்க உடம்பு வேண்டும் என்பாள் அவள். மாடிப்படி ஏறு, தொடையைப் பலப்படுத்து, தொப்பையைக் குறை. அவர் சிரிப்பார். "முழங்காலுக்கு என்ன தெரியும் டீச்சர், அது வெறும் எலும்பு. நடக்குறது மனசு." அவள் விடமாட்டாள். "அப்போ உங்க மனசை அனுப்பிவெச்சுட்டு நீங்க வீட்டுலேயே இருங்க."

நடுவழியில் ஷூவைக் கழற்றக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், ஆனால் ஷூவைக் கழற்றினால் பாதம் வீங்கிவிடும், திரும்ப உள்ளே போகாது. கழற்றிவிட்டால் அன்றைய நடை முடிந்தது என்று அர்த்தம். மகளைச் சின்ன வயதில் கூட்டிக்கொண்டு போனபோது அவளுக்கும் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

வாரக்கணக்கில் நடக்க வேண்டிய பெரிய பாதை ஒன்றுக்குப் போனார்கள். முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், செங்குத்தான ஓர் ஏற்றத்தில், உடம்பு உடம்பு என்று சொன்னவள் ஒரு பாறையில் உட்கார்ந்து முடியவில்லை என்று அழுதுவிட்டாள். அவர்தான் பேசிப் பேசி அவளுக்குத் தைரியம் கொடுத்து எல்லையைத் தொட வைத்தார். இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கடைக்குக் கண்ணாடி மாற்ற வருகிறவர்களுக்குக்கூடத் தெரியும். அவருக்குக் கதை அளக்கப் பிடிக்கும். அவள் குறுக்கே பேசியதில்லை.

அன்றைக்கு நடந்தது வேறு. அவர் தைரியம் சொல்லவேயில்லை. தொப்பை இடிக்க மண்டியிட்டு, அவளுடைய ஷூ நாடாக்களை அவிழ்த்தார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் பாறைமேல் காய வைத்தார். "இன்னைக்கு இவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் காலையில் அவள் தானாகவே எழுந்து நடந்தாள்.

இன்றைக்குக் காலையில் வீட்டுக்கு வந்த நர்ஸ், ரத்தம் கட்டாமலிருக்க மாட்டியிருந்த வெள்ளை சாக்ஸை முழங்கால் வரை இழுத்துவிட்டுவிட்டு, டீச்சரைக் கதவுக்கு வெளியே கூப்பிட்டாள்.

"உடம்புல ஒண்ணுமே மிச்சம் இல்லம்மா. எதுல ஓடுதுன்னே தெரியல."

"மனசுல" என்றாள் டீச்சர்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷத்துச் சண்டையில் அவர் ஜெயித்துவிட்டார். ஜெயித்தவர் உள்ளே படுத்துக்கொண்டு ஒவ்வொரு மூச்சுக்கும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தார். அந்த ஜெயத்தின்மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

மதியம் குழுவிலிருந்து தபால்காரர் வந்தார். வேலையில் இருந்து ஓய்வு பெற்றும் அந்தப் பெயர் போகவில்லை. நல்ல மனிதர், ஆனால் மெதுவாகப் பேசத் தெரியாது.

"என்ன கூட்ஸு, படுத்துட்டே? வண்டி நிக்கக் கூடாதுப்பா. உன் மனசுக்கு இதெல்லாம் ஒரு ஏத்தமா?"

படுத்திருந்தவர் உதட்டைச் சிரிப்பது மாதிரி இழுத்தார். போர்வைக்குள் கால்கள் வேகமாக அசைந்தன. தபால்காரர் வாசலில் நின்று, "பாத்தீங்களா டீச்சர், எவ்வளவு தைரியம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் அவரைத் திட்ட நினைத்து, முடியாமல், குடையை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்து மகளின் போன். எங்கோ ஒரு நிலையத்தில், அறிவிப்புச் சத்தத்துக்கு நடுவிலிருந்து பேசினாள்.

"அப்பா காதுல வைம்மா. அப்பா, நான் கிளம்பிட்டேன். நாளைக்குக் காலையில வந்துடுவேன். அதுவரைக்கும் விட்டுடாதீங்க. உங்களால முடியும்ப்பா. அம்மாவையே நடக்க வெச்ச ஆளு நீங்க."

டீச்சர் போனை அணைத்தாள். அவருடைய கை படுக்கை விரிப்பைப் பற்றிக்கொண்டது. இடது, வலது, இடது, வலது. ஒவ்வோர் அடிக்கும் தொண்டையிலிருந்து ஒரு சின்ன முனகல் வந்தது. நெற்றி வேர்த்திருந்தது. வாய் ஏதோ கேட்டது. அவள் குனிந்தாள்.

"இன்னும்... ஏத்தமா?"

அவள் ஜன்னலருகே போய் நின்றாள். கீழே தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். நாளைக் காலை வரை அவரைப் பிடித்துவைக்க அவளால் முடியும். 'பொண்ணு வர்றா, இன்னும் கொஞ்சம்தான்' என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும், நடந்துவிடுவார். மகள் முகத்தைப் பார்த்துவிடலாம். அதற்கு இந்த ராத்திரி முழுவதும் அவர் அந்த ஏற்றத்தில் ஏற வேண்டும். விட்டுவிடச் சொன்னால் மகள் வரும்போது அப்பா இருக்க மாட்டார், அதை வாழ்நாள் முழுவதும் அந்தப் பெண் சுமக்க வேண்டும். காலில் இருக்கும் அந்த வெள்ளை சாக்ஸைக் கழற்றினால் யாரும் செத்துப்போவதில்லை. உடம்பைப் படித்தவளுக்கு அது தெரியாதா? ஆனால் இந்த மனிதர் இப்போது உடம்பிலா ஓடுகிறார்?

கார் எப்படியோ வெளியேறிப் போனது. அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையை விலக்கினாள்.

அசைகிற காலிலிருந்து இறுக்கமான சாக்ஸை உருவுவது லேசில் முடியவில்லை. விரலை உள்ளே விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டினாள். கெண்டைக்காலில் வரிவரியாகத் தடம் பதிந்திருந்தது. பாதம் வீங்கிப் பளபளத்தது. பெரிய பாதையில் கறுத்துப்போன கட்டைவிரல் நகம் அப்படியே கறுப்பாகவே இருந்தது. இரண்டாவது காலையும் உருவி, இரண்டு பாதங்களையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேங்க. இன்னைக்கு இவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "பாப்பா?"

"அவ பின்னால மெதுவா வருவா. அவளுக்கு வழி தெரியும்."

ஒரு கால் இன்னும் ஓர் அடி எடுத்துவைக்கப் பார்த்தது. அவள் உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டாள். பிறகு அது அசையவில்லை. புருவத்தின் சுருக்கம் விலகியது. வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தபோது மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. தரையிலிருந்தும் வெயில் போன பிறகு வரவில்லை. மடியில் இருந்த பாதங்கள் சில்லென்று ஆகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

மகள் காலையில் வந்தாள். பையைக் கதவருகில் போட்டுவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் நேரே அறைக்குள் போனாள். அப்பாவின் கன்னத்தில் கை வைத்தாள். அழவில்லை. வெளியே வந்து போனை எடுத்து யார் யாருக்கோ பேசினாள். வண்டி எத்தனை மணிக்கு, யார் யாருக்குச் சொல்லியாயிற்று, நாற்காலி போதுமா என்று கேட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். அவள் நடை அப்படியே அவருடையது. டீச்சர் சுவரோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மகள் அலமாரியிலிருந்து அவருடைய மலை ஷூவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதைப் போட்டு அனுப்பலாம்மா. அவருக்குப் பிடிக்கும்."

"வேண்டாம். கால் வீங்கியிருக்கு, உள்ள போகாது."

மகள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே வெறும் பாதங்கள். கட்டில் கம்பியில் வெள்ளை சாக்ஸ் இரண்டும் காயப்போட்டது மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.

"சாக்ஸை யாரும்மா கழட்டினது?"

"நான்தான்."

"எப்போ? அவர் போன பிறகா?"

டீச்சர் பொய் சொல்லியிருக்கலாம். "முன்னாடி. நீ பேசினதுக்கு அப்புறம்."

மகளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. "ஒரு ராத்திரிம்மா" என்றாள். "ஒரே ஒரு ராத்திரி. அப்பாவால முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும்" என்றாள் டீச்சர்.

போன் அடித்து அடித்து நின்றது. மகள் ஷூவை நெஞ்சோடு அணைத்தபடி நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். எங்கே போவது என்று தெரியவில்லை போலிருந்தது.

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மகளின் தோளை அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தாள். முழங்கால் மடங்க மறுத்தது. நாற்காலிக் கையைப் பற்றி, ஒவ்வொரு காலாக மடக்கித் தரையில் மண்டியிட்டாள்.

"என்னம்மா பண்றே? விடு."

டீச்சர் விடவில்லை. பிரயாணத்தில் நாடா இறுகிப்போயிருந்தது. முடிச்சை நகத்தால் நெம்பி, ஒவ்வொரு துளையாகத் தளர்த்திக்கொண்டு வந்தாள்.