மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஜம்பர்

சோனியா அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதன் உயரத்தைக் குறைத்தாள். போன வாரம் யாரும் இல்லாத நேரத்தில் நான் உட்கார்ந்து பார்த்து, என் வசதிக்கு ஏற்றி வைத்திருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. நாற்பது வயதில் ஒரு நாற்காலிக்காக வயிறு எரிவது வெட்கக்கேடுதான். ஆனாலும் எரிந்தது.

மைசூரில் எந்தத் தெருவுக்கு எந்த லைனில் மின்சாரம் போகிறது என்பதை இனி இந்தப் புதிய கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரை சொல்லும். ஓடும் லைன் சிவப்பு, நிறுத்திய லைன் பச்சை. சப்ஸ்டேஷனில் ஒரு ஃபோனையும் நோட்டையும் வைத்துக்கொண்டு பதினான்கு வருடம் நான் செய்த வேலை அது. அறைக்குத் தலைமையாக என்னைத்தான் போடுவார்கள் என்று நான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் மைசூர்பாகே வாங்கி வந்துவிட்டார். போட்டது சோனியாவை. மேஸ்திரி மகள், வேலையில் சேர்ந்து ஆறே வருடம். லைன் வரைபடம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் அவள்தான். மகளிர் தின விழாவில் அவளை மேடையேற்றினார்கள். இந்தத் துறையில் பெண்களுக்கு வழி போட்டவர் உமாதேவி மேடம் என்று கன்னடத்தில் அழகாகப் பேசினாள். வழி போட்டவளான நான் கீழே இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். திட்டுவதற்கு ஒரு குணக்கேடாவது அவளிடம் இருந்திருக்கலாம்.

மூன்று மாதத்துக்கு முன் வரைபடத்தைச் சரிபார்க்க என் சப்ஸ்டேஷனுக்கு வந்தாள்.

"அக்கா, பேப்பர்ல இல்லாதது ஏதாவது உங்க ஏரியால இருக்கா? தற்காலிகமா போட்டது, அந்த மாதிரி?"

இருந்தது. இரண்டு தசராவுக்கு முன் மழையில் மார்க்கெட்டை ஒட்டிய தேவராஜ மொஹல்லா இருண்டு கிடந்தபோது, ஏழாம் லைனின் கடைசி நான்கு கம்பங்களை அதிலிருந்து துண்டித்து, காண்ட்ராக்ட் ஆட்களை வைத்து ஒரு ஜம்பர் கம்பியால் பதினொன்றாம் லைனோடு சேர்த்திருந்தேன். தசரா முடிந்ததும் பிரித்திருக்க வேண்டும். பிரிக்கவும் இல்லை, வரைபடத்தில் குறிக்கவும் இல்லை. அங்கே ஆள் ஏறும்போதெல்லாம் இரண்டு லைனையும் நானே நிறுத்திவிடுவேன். என் ஞாபகம் போதுமானதாக இருந்தது. அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

"எல்லாம் மேப்லயே இருக்கு" என்றேன்.

என் அலட்சியம் அவள் வரைபடத்தில் ஏறக் கூடாது என்ற பயம் பாதிதான். மீதி, அவளுடைய திரை ஒரு தடவையாவது எல்லார் முன்னாலும் பொய் சொல்லட்டும் என்ற ஆசை. அணைய வேண்டிய கடைகளில் விளக்கு எரியும், பெரிய அதிகாரி முகம் சுளிப்பார், அவள் திணறுவாள். அவ்வளவுதான் நான் கற்பனை செய்தது. அந்தக் கற்பனையில் கம்பத்தில் ஆள் இல்லை.

இன்று அந்த அறையின் முதல் நாள். அதிகாரி பசவராஜும் நானும் இன்னும் நாலைந்து பேரும் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தோம். கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கு, லைன் செத்திருக்கிறது என்று உறுதி சொல்லி ஒரு நம்பர் கொடுக்க வேண்டும். அதற்கு லைன் கிளியர் என்று பெயர். முதல் அழைப்பு முனிராஜிடமிருந்து. அன்னூர் பக்கத்து ஆள். உமா மேடம் நம்பர் கொடுத்தால் டெஸ்டர்கூட வைத்துப் பார்க்க மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவர். வாயால் அவரைத் திட்டுவேன். மனசுக்குள் குளிர்ந்துவிடும்.

"ஏழாம் லைனுங்க மேடம், மார்க்கெட்டுக்குப் பொறவால. கடைசிக்கு முந்தின கம்பமுங்க. ஏறட்டுங்களா?"

திரையில் ஏழாம் லைன் முழுதும் பச்சை. சோனியா மைக்கைப் பக்கத்தில் இழுத்து நம்பரை வாசிக்க ஆரம்பித்தாள். ஆறு இலக்கம். இரண்டு இலக்கம் வரை நான் பேசாமல் நின்றேன். அதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

"சோனியா, குடுக்காத."

அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "ஏறாதீங்கண்ணா, இருங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் திரும்பினாள்.

"அங்க பதினொண்ணுலேர்ந்து கரண்ட் வருது. ஜம்பர் இருக்கு, மேப்ல இல்ல."

என்னையே பார்த்தாள். மூன்று மாதத்துக்கு முன் நான் சொன்ன பதில் அவளுக்கு ஞாபகம் வந்தது எனக்குத் தெரிந்தது. பதினொன்றையும் நிறுத்தினாள். அந்த ஜம்பரைப் போட்டது யார் என்று பசவராஜ் கன்னடத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். பழையது சார், ரெக்கார்டில் இல்லை, மேடம் ஞாபகம் வைத்திருந்ததால் ஓர் உயிர் தப்பியது என்றாள். அனுபவம் அனுபவம்தான் என்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எனக்கு நன்றி வரவில்லை. இதிலும் இவளே உயர்ந்துவிட்டாளே என்றுதான் வந்தது.

"நம்பர நீங்களே குடுங்கக்கா" என்று மைக்கை என் பக்கம் தள்ளினாள். ஆறு இலக்கத்தையும் வாசித்தேன்.

"அட, உமா மேடமுங்களா? அப்பச் செரிங்க, ஏறறனுங்க."

"முனிராஜ், டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டுத் தொடுங்க."

"நீங்க சொன்னதுக்கப்பறம் அதெதுக்குங்க" என்று சிரித்தார்.

இடுப்பு பெல்ட்டின் கொக்கி கம்பத்தில் உரசுவது ஸ்பீக்கரில் கேட்டது. கீழே யாரோ பூ விலை கூவிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவருடைய மூச்சு மட்டும்.

"மேல வந்துட்டனுங்க. கை வெக்கட்டுங்களா?"

"ஒரு நிமிஷம்" என்றேன். திரைக்கு நெருங்கிப் போய் அந்தக் கம்பத்தின் மேல் விரலை வைத்தேன். அறை முழுக்க என் பதிலுக்குக் காத்திருக்க, அங்கிருந்து பின்னோக்கி, பச்சைக் கோடு ஒவ்வொன்றாக, மேப்பில் ஏறாத இன்னொரு ஜம்பரை நான் மறந்திருக்கிறேனா என்று தேடி, என் விரல் போய்க்கொண்டிருந்தது.