அடித்துச் சொல்லத் தெரியாதவள்

தொகுதியில் அவளுக்கு டாக்டரம்மா என்றுதான் பெயர். அவள் வாங்கியது வேதியியலில் டாக்டர் பட்டம். எத்தனை முறை சொன்னாலும் வாரத்துக்கு இரண்டு பேராவது காய்ச்சல் என்று நாக்கை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். சட்டமன்ற உறுப்பினர் மாத்திரை தரமாட்டாரா என்று கோபித்துக்கொண்டும் போவார்கள்.

பதினெட்டு வருஷம் பெயிண்ட் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் உழைத்தவள். பெயிண்டில் கலக்கும் ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கிறது என்று அவள் எழுதிக்கொடுத்த அறிக்கையைக் கம்பெனி கிடப்பில் போட்டது. வேலையை உதறினாள். ஒரு கட்சியின் சார்பில் தேர்தலில் நின்றாள். யாருமே எதிர்பார்க்கவில்லை, ஜெயித்தும்விட்டாள். பள்ளிக்கூடங்களில் அந்தப் பெயிண்டைத் தடைசெய்ய ஒரு சட்டம் வேண்டும், அவ்வளவுதான் அவள் அரசியல். நான்கு பள்ளிகளில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்து மசோதா தயாரித்தாள்.

தாக்கல் செய்கிற அன்று காலையில் கணவர் காகிதங்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார்.

"இந்தக் கடைசிப் பக்கத்தை எடுத்துடு."

அது ஆய்வின் குறைகளைச் சொல்லும் பக்கம்.

"அதெப்படிங்க எடுக்கிறது? குறையைச் சொல்லாத ஆய்வு ஆய்வே இல்ல."

"அங்க உட்கார்ந்திருக்கிறவங்க விஞ்ஞானிங்க இல்லம்மா."

"அதுக்காக நான் மறைக்கணுமா?"

அவர் அந்தப் பக்கத்தை அப்படியே வைத்துக் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம்.

சபையில் பாதிப்பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் முடித்ததும் அமைச்சர் சாவகாசமாக எழுந்தார்.

"ஒரே ஒரு கேள்விம்மா. இந்தப் பிள்ளைங்க படிப்புல பின்தங்கினதுக்கு பெயிண்ட்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியுமா?"

ஆராய்ச்சிக்கூடத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. அதையே சொன்னாள்.

"உறுதியா தெரியாதுதான். ஆனா..."

ஆனாவுக்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் யார் காதிலும் விழவில்லை. சபை கொல்லென்று சிரித்தது. சொந்தக் கட்சிக்காரர்களும் வெட்கமில்லாமல் சிரித்தார்கள். மசோதாவை ஒரு குழுவிடம் தள்ளினார்கள். அந்தக் குழு மூன்று வருஷத்தில் இரண்டு தடவை கூடிக் கலைந்தது. அமைச்சர் திறந்துவைத்த பாலம் இடியாது என்று எவராவது அவரிடம் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் கேட்டார்களா? பிள்ளைகளின் ரத்தம் என்றால் மட்டும் இவர்களுக்கு அத்தனை சந்தேகம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடிதம் எழுதினாள், சண்டை போட்டாள், கதவு கதவாகத் தட்டினாள். நச்சரிப்பவள் என்ற பெயர்தான் மிஞ்சியது. அடுத்த தேர்தலில் கட்சி அவளைக் கைகழுவியது. ஐந்து வருஷம் முடிந்தது, மசோதாவும் செத்தது.

தொகுதி அலுவலகத்தைக் காலிசெய்து கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். பக்கத்தில் ஒன்பது வயது மகள். கையில் ஆஸ்பத்திரிக் காகிதம்.

"ரத்தத்துல ஈயம் இருக்குதாம்மா. பாடம் எதுவும் மனசுல நிக்கமாட்டேங்குது இவளுக்கு."

டாக்டரம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அளவு மிக அதிகம். பள்ளியின் பெயரைக் கேட்டாள். அவள் சோதித்த நான்கில் ஒன்று.

"அங்கிருந்து மாத்தலையா?"

"நீங்க அங்க சோதிச்சப்பவே இவங்கப்பா மாத்திடலாம்னுதான் சொன்னாரு. நாந்தான் டிவியில பார்த்தேன். டாக்டரம்மாவே தெரியாதுன்னு சொல்லிட்டாங்க, எதுக்கு வீணா பயப்படணும்னு அங்கேயே விட்டுட்டேன்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. அதுதான் தாங்கவில்லை. இத்தனை வருஷம் அமைச்சர் மேலும் கட்சி மேலும் எரிந்த கோபமெல்லாம் மொத்தமாகத் திரும்பி அவள் மேலேயே பாய்ந்தது. எதையும் மறைக்கமாட்டேன் என்று அன்று அவள் பிடித்த பிடிவாதம், தன் யோக்கியதையைப் பற்றி அவளுக்கிருந்த பெருமை, எல்லாவற்றின் மேலும் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

"இப்பவாவது தெரியுமாம்மா? பெயிண்ட்தானா?"

"பெயிண்ட்தான்," என்றாள். "எனக்கு அப்பவே தெரியும்."

அந்தப் பெண் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்புறம் ஏம்மா தெரியாதுன்னு சொன்னீங்க?"